வெங்கட்டுக்கு ஒரு ஸ்டேக்

ஸ்டேக் மெத்தென்று வரவேண்டுமானால் அவசரப்படக் கூடாது, ஜைனப். பலபேர் இறைச்சியை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு சட்டியில் போட்டுவிடுகிறார்கள். பிறகு செருப்புத் தோல் மாதிரி இருக்கிறது என்று கடைக்காரர்மேல் பழி போடுகிறார்கள். வெளியே எடுத்து வைத்து, ஈரத்தைத் தாளால் ஒற்றி, உப்புத் தடவி, அதன் குளிர் விடும்வரை நாம் வேறு வேலை பார்க்கவேண்டும். நான் அந்த நேரத்தில் வெங்கட்டைக் குளிப்பாட்டுவேன்.

நீங்கள் கேட்டது இது இல்லை. பலகையிலிருந்த சிவப்பு அட்டை எங்கே என்று கேட்டீர்கள். அதற்கும் வருகிறேன். கோப்பியைக் குடியுங்கள், ஆறிவிடும். நீங்கள் என் கணவருக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்க வருகிறவர், என் அடுப்பைப் பற்றி உங்களுக்கு என்ன. ஆனால் அடுப்பைச் சொல்லாமல் அட்டையைச் சொல்ல முடியாது.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் என் அப்பா, இஞ்ஞாசி. மார்சிலிங்கில் இருந்த எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் அவர் சமையல்தான். தேவாலயத்தில் பூசை முடிந்ததும் நேராகத் தேக்கா சந்தைக்குப் போய் ஒலி முகம்மது கடையில் மாட்டிறைச்சி வாங்கிவருவார். பச்சைப் பப்பாளியை அரைத்துக் கொஞ்சமே கொஞ்சம் தடவுவார். "ரொம்ப நேரம் ஊறுனா கூழாயிடும், உர்சுலா," என்பார். வெந்த பிறகும் உடனே வெட்ட விடமாட்டார். இழை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து, அதற்குக் குறுக்காகக் கத்தியை வைப்பார். அப்படி வெட்டினால் பல் இல்லாதவர்கள்கூடச் சாப்பிடலாம்.

வெங்கட் என்னைக் கல்யாணம் செய்துகொண்டபோது மதம் மாறச் சொல்லவில்லை. பொட்டு வைக்கச் சொல்லவில்லை. பிள்ளை பிறந்தால் எந்தக் கோயிலுக்குப் போகும் என்றுகூடப் பேசவில்லை. "வீட்டுக்குள்ள மட்டும் மாட்டுக்கறி வேணாம்மா. அது ஒண்ணுதான்," என்றார். நான் சரி என்றேன். அந்த வயதில் யார் சாப்பாட்டைப் பற்றி யோசிக்கிறார்கள். பிள்ளையும் பிறக்கவில்லை, கடைசியில் எங்கள் இருவருக்கும் நடுவே அந்த ஒன்று மட்டும்தான் இருந்தது.

நல்ல மனுஷர். இதையும் குறித்துக்கொள்ளுங்கள். நான் வெளியே அதைச் சாப்பிட்டுவிட்டு வந்தால் கண்டுகொள்வார், ஆனால் கோபப்படமாட்டார். "என்ன, ஃபேரர் பார்க் பக்கம் போய்ட்டு வந்தியா லா?" என்று சிரித்துக்கொண்டே ஜன்னலைத் திறந்துவிடுவார். ஒவ்வொரு ஞாயிறும் தேவாலயத்துக்கு வெளியே வெயிலில் உட்கார்ந்து எனக்காகக் காத்திருப்பார். அப்படிப்பட்டவரோடு சண்டை போடவும் முடியாது. கோபம் வந்தால் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரிந்ததே இல்லை.

எங்கள் முதல் கிறிஸ்துமஸுக்கு அப்பா மார்சிலிங்கிலிருந்து பஸ் மாறி இங்கே புக்கிட் பாஞ்சாங்குக்கு வந்தார். கையில் டிஃபன் கேரியர். வெங்கட் வாசலிலேயே நின்று, ரொம்ப மரியாதையாக, "மாமா, நீங்க உள்ள வாங்க. அத மட்டும் வெளியில வச்சிடுங்களேன்," என்றார். அப்பா சிரித்தார். "பரவால்ல லா, தம்பி. தெரியாம கொண்டாந்துட்டேன்," என்றார். வெளியே வைத்தால் வீணாகும் என்று நினைத்தாரோ என்னவோ, திரும்பக் கீழே போனார். நான் நடைபாதைச் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்துக் கல் இருக்கையின் ஓரத்தில் உட்கார்ந்து அப்பா தனியாகச் சாப்பிட்டார். எனக்குக் கொண்டுவந்ததையும் அவரே சாப்பிட்டார். பிறகு வாயைக் கழுவிக்கொண்டு மேலே வந்து எங்களோடு கேக் வெட்டினார்.

அதற்குப் பிறகு அவர் என் வீட்டில் சாப்பிட்டதே இல்லை. ஏதாவது காரணம் சொல்லுவார். அவர் இறந்தபோது வெங்கட்தான் சவப்பெட்டிக்கு முன்பக்கம் தோள் கொடுத்தார். அழவும் அழுதார். நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன், எனக்குக் கண்ணீர் வரவில்லை.

வெங்கட்டுக்குப் பக்கவாதம் வந்த பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். வலது கையும் காலும் போயின, பேச்சு போயிற்று. தூக்குவது, துடைப்பது, திருப்பிப் படுக்கவைப்பது எல்லாம் நான்தான். அவருடைய அண்ணன் தம்பிகள் தீபாவளிக்கு முறுக்கு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்கள். சக்கர நாற்காலி நுழையவேண்டும் என்று குளியலறைக் கதவைக் கழற்றிவிட்டோம். அதற்குப் பிறகு நான் உள்ளே போய் அழுவதற்கு இந்த வீட்டில் ஒரு கதவு இல்லை. ரொம்பக் கஷ்டமாக இருந்தது, ஜைனப். யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் என்ன ஆகும்.

அப்போதுதான் நீங்கள் அந்தப் பலகையைக் கொண்டுவந்தீர்கள். தண்ணீர், வலி, கழிவறை, தூக்கம் என்று படம் போட்ட காந்த அட்டைகள். மூலையில் சிவப்பில் ஒரு விரித்த கை. அதைத் தொட்டால் வேண்டாம். அவர் முதலில் பழகியது அதைத்தான். டிவி வேண்டாம், போர்வை வேண்டாம், என் பாட்டு வேண்டாம். நாம் இருவரும் கைதட்டினோம், ஞாபகம் இருக்கிறதா? "அவருக்கு எல்லாம் புரியுது, ஆன்ட்டி. சொல்லத்தான் முடியல," என்றீர்கள். நான் அதை மறக்கவே இல்லை. அவருக்குப் புரியாது என்றால் நான் இவ்வளவு சிரமப்பட்டிருக்கமாட்டேன்.

ஒருநாள் மருந்து வாங்கப் போனவள் தேக்காவில் இறங்கிவிட்டேன். அன்றைக்குத்தான் என் சொந்த அடுப்பில் முதல்முறையாக மாட்டிறைச்சி சமைத்தேன். வெண்ணெயும் பூண்டும் உருகுகிற வாசம் கூடம்வரை போயிற்று. அவர் நாற்காலியிலிருந்து என்னைப் பார்த்தார். பலகை மடியில்தான் இருந்தது, எதையும் தொடவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். சந்தோஷமாகச் சாப்பிட்டேன். பாதி சாப்பிடும்போதே தனியாகச் சாப்பிடுகிறோம் என்று தோன்றியது, அது பிடிக்கவில்லை.

நீங்கள்தான் எழுதிக் கொடுத்தீர்கள், அவருடைய சாப்பாடு மெத்தென்று இருக்கவேண்டும், சின்னச் சின்னதாக வெட்டவேண்டும், சாறோடு கொடுக்கவேண்டும் என்று. உடம்பு தேற இறைச்சி நல்லது என்றும் இருந்தது. எந்த இறைச்சி என்று இல்லை. அடுத்த ஞாயிறு அவருக்கும் சேர்த்துச் செய்தேன். இழைக்குக் குறுக்காக வெட்டி, சட்டியில் மிஞ்சிய சாற்றை ஊற்றினேன். ஆட்டுக்கறி என்று பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "இது மாட்டுக்கறிங்க. எங்கப்பா செய்ற மாதிரியே செஞ்சிருக்கேன்," என்று சொல்லித்தான் கரண்டியை நீட்டினேன்.

அவர் சிவப்பு அட்டைமேல் கையை வைத்தார். எடுக்கவே இல்லை. வாயை இறுக்கி மூடிக்கொண்டார். நான் வற்புறுத்தவில்லை. தட்டை மூடி வைத்தேன். அன்றைக்கு வேறு எதுவும் சமைக்கவில்லை, அவ்வளவுதான். மத்தியானம் போயிற்று. சாயங்காலம் சூடுபடுத்திக் கொண்டுவந்தேன், வாயைத் திறந்தார். ஒரு வாய்கூடத் தொண்டையில் அடைக்கவில்லை, அவ்வளவு மெத்தென்று இருந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. பக்கவாதம் வந்தவர்கள் காரணமில்லாமல் அழுவார்கள் என்று நீங்கள் முன்பே சொல்லியிருந்தீர்கள். நான் துடைத்துவிட்டுக்கொண்டே ஊட்டினேன்.

அதற்கு அடுத்த முறை அவர் செய்ததைக் கேளுங்கள். இடது கையால் அந்த அட்டையைப் பலகையிலிருந்து பிய்த்தெடுத்து, தட்டில் இருந்த இறைச்சியின்மேல் வைத்தார். சரியாக நடுவில் வைத்தார். அந்த ஒரு கையால் அவர் அவ்வளவு தூரம் செய்வார் என்று நீங்களே நம்பமாட்டீர்கள். அட்டை முழுக்கச் சாறு. கழுவினேன். காயட்டும் என்று சமையலறை இழுப்பறையில் கரண்டிகளோடு வைத்தேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறது. எப்போதோ காய்ந்துவிட்டது.

நான் அதைத் திரும்ப ஒட்டவில்லை. வேண்டுமென்றேதான் ஒட்டவில்லை.

முதலில் ஞாயிறு மட்டும்தான். இப்போது கிழமை பார்ப்பதில்லை. அவர் எடை கூடியிருக்கிறார். போன தடவை, "நல்லா பாத்துக்கிறீங்க ஆன்ட்டி," என்று நீங்களே பாராட்டினீர்கள். அட்டை இருந்த அந்த மூலையை மட்டும் விரலால் தட்டிக்கொண்டே இருக்கிறார். இன்று காலை நீங்கள் பார்த்தது அதைத்தான். அங்கே ஒன்றும் இல்லை என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். பழக்கம், விடமாட்டேன் என்கிறது.

பழி வாங்கினேன் என்று நினைக்காதீர்கள். பழி என்றால் வேகாத கறியைக் கொடுத்திருப்பேன். என் அப்பாவுக்குக் கிடைக்காத மேசையில் அவருடைய மாப்பிள்ளையோடு நான் உட்கார்ந்து ஒரே சாப்பாட்டைச் சாப்பிடவேண்டும் என்று ஆசைப்பட்டேன். இவ்வளவு வருஷத்தில் நான் கேட்டதும் அது ஒண்ணுதான்.

நீங்களும் சிலவற்றைத் தொடமாட்டீர்கள். அதனால்தான் என்னைப் பார்க்காமல் கோப்பையையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். மேலிடத்தில் சொல்லவேண்டும் என்றால் சொல்லுங்கள், அது உங்கள் வேலை. நான் எங்கும் ஓடமாட்டேன், இவரை விட்டுவிட்டு எங்கே ஓடுவது. ஆனால் இப்போது எழுந்து போகவேண்டாம். இறைச்சி வெட்டப் பதமாகிவிட்டது. ஒலி முகம்மது கடைதான், ஹலால், உங்களுக்கு ஒரு தடையும் இல்லை. விருப்பம் இல்லாதவர்களுக்கு நான் எதையும் கொடுத்ததில்லை. நம்பிக்கை இல்லையென்றால் பலகையை அவர் மடியில் வைத்து நீங்களே கேட்டுப் பாருங்கள். அந்த அட்டையை எடுத்த பிறகு அவர் ஒரு தடவைகூட வேண்டாம் என்று சொன்னதில்லை.