நெற்றி நிலத்தில் பட்ட காலை

கல்முனையில் மூட்டுவாத கிளினிக் வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தேன். நம்பர் ஆறரைக்கே தந்துவிடுவார்கள்; டொக்டர் எத்தனை மணிக்கு வருவார் என்று எந்தச் சுற்றறிக்கையும் சொல்வதில்லை. எனக்கு முன்னால் இருவர். விரல்கள் வளைந்திருந்தவர் கூட்டாளியிடம் சொன்னார்:

“மச்சான், இண்டைக்கிப் பள்ளிவாசல்ல என்னெத் தூக்க ரெண்டு பேர் வந்திட்டானுகள்.”

“விழுந்திட்டியா?”

“இல்லடா. ரெண்டு வருசமா கதிரையில குந்தித்தானே தொழுற? இண்டைக்கி விடியச் சுபஹு சுன்னத்துத் தொழுகையில முழங்கால் மடிஞ்சிச்சி. நெத்தி நிலத்தில பட்டதும் எழும்ப மனசு வரல்ல. மாட்டுப்பட்டுக் கிடக்கன் எண்டு நெனச்சி ஓடி வந்து கக்கத்தில கை போட்டானுகள்.”

“வாயத் திறந்து செல்லுறதானே?”

“தொழுகைக்குள்ள எப்பிடிக் கதைக்கிற? சலாம் குடுத்துத் தொழுகைய முடிச்ச மறுகாதான் ஏசினன்.”

“அப்ப இனி ஊசி, குளிசையெல்லாம் விட்டிருவாய்?”

“விசரா உனக்கு? குளிசைதான் என்னெக் கதிரையால இறக்கின. இந்த மூட்டு வருத்தம் முழுசாப் போகாது, தெரியும். நாளைக்கி முழங்கால் வீங்கினா திரும்பக் கதிரைதான். ஆனா இண்டைக்கி ரெண்டு ரக்அத்தும் நிலத்திலடா தொழுதன்!”

‘சத்தம் போடாதீர்கள்’ என்ற பலகைக்கு நேர் கீழே இருந்துதான் அதை உரக்கச் சொன்னார். தாதி எட்டிப் பார்த்தார், அவரும் அதட்டவில்லை.