நடந்துகொண்டே படித்த பக்கம்

எனக்கு உட்கார்ந்து பேச வராது ஐயா. இந்த அறை நீளமாக இருப்பது நல்லதாகப் போயிற்று. கதவிலிருந்து அந்த இரும்பு அலமாரி வரை போய்த் திரும்ப இடம் இருக்கிறது. பம்பு விற்கும் கம்பெனிக்காக ஊர் ஊராக அலைந்தே பாதி ஆயுசு போனவன் நான். சாப்பிடும்போதுகூடத் தட்டோடு எழுந்து நடப்பேன். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவன் என்று அக்கா கேலி செய்வாள்.

அக்காவைப் பற்றித்தானே கேட்டீர்கள். சொல்கிறேன். மறைக்க ஒன்றும் இல்லை. அவசரமாக எழுத வேண்டாம், நான் நிதானமாகவே சொல்கிறேன். அந்த ஜன்னலை மட்டும் கொஞ்சம் திறந்துவிட்டால் நன்றாக இருக்கும்.

அக்கா கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அத்தான் போன பிறகு வீட்டில் தனியாக இருந்தாள். எனக்கும் கல்யாணம், குடும்பம் என்று எதுவும் அமையவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்கே வந்துவிட்டேன். அப்போதே அவள் ஒரு வார இதழில் புத்தகங்களைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தாள். அதை விமர்சனம் என்று யாராவது சொன்னால் அவளுக்குப் பிடிக்காது. படித்தேன், பிடித்தது, பிடிக்கவில்லை, அவ்வளவுதான் என்பாள். பெயரும் போட மாட்டாள். கீழே 'ஒரு வாசகி' என்று மட்டும் இருக்கும்.

இதழ்க்காரர்கள் கைக்குக் கிடைத்ததையெல்லாம் கட்டி அனுப்புவார்கள். கவிதைத் தொகுப்பு, சூப் செய்முறை, ஓய்வு பெற்ற ராணுவ அதிகாரியின் சுயசரிதை, குழந்தைகளுக்கு எண் சொல்லித்தரும் படப்புத்தகம், எல்லாம் ஒரே மூட்டையில் வரும். அக்கா எதையும் ஒதுக்க மாட்டாள். சூப் புத்தகத்தைப் பற்றி, 'படத்தைப் பார்த்தால் பசிக்கிறது, செய்முறையைப் படித்தால் பசி போய்விடுகிறது' என்று எழுதினாள். கவிதைக்காரருக்கு, 'நடுவில் விட்டிருந்த வெற்றுப் பக்கங்கள் நன்றாக இருந்தன'. சைக்கிள் பழுது பார்க்கும் கையேடு ஒன்றை அந்த மாதத்தின் சிறந்த நாவல் என்று பாராட்டினாள். சங்கிலி அறுந்ததிலிருந்து மறுபடி ஓடும் வரை புத்தகத்தைக் கீழே வைக்க முடியவில்லையாம். ஜனங்கள் இதழை வாங்கியதும் முதலில் புரட்டுவது அவள் பக்கத்தைத்தான்.

நானும் ஒரு நாவல் எழுதியிருக்கிறேன். உங்களுக்குத் தெரிந்திருக்காது. யாருக்கும் தெரியாது. பம்பு விற்கப் போன இடங்களில் லாட்ஜ் அறைகளில் எழுதியது. புனைபெயரில் வெளியிட்டேன். அது எப்படியோ அக்காவின் மூட்டையிலும் வந்துவிட்டது. என்னுடையது என்று அவளுக்குத் தெரியாது. நான் சொல்லவும் இல்லை. 'இதை எழுதியவர் நிறையக் கேட்டிருக்கிறார், எதையும் பார்த்ததில்லை. ஒரு இலைகூட இதில் இலை மாதிரி இல்லை. இவருக்குக் கண் இருக்கிறதா என்றே சந்தேகமாக இருக்கிறது.' அவ்வளவுதான் எழுதினாள். அதை நான் அன்றைக்கே மறந்துவிட்டேன். எழுத்தென்று இருந்தால் நாலு பேர் நாலு விதமாகச் சொல்லத்தான் செய்வார்கள்.

பிறகு அவளுக்குக் கண் மங்க ஆரம்பித்தது. ஒரு கண் ஏற்கெனவே நரம்பு கெட்டுப் போயிருந்தது. இருந்த ஒன்றில் புரை விழுந்து முற்றியது. ஒற்றைக் கண்ணில் கத்தி வைக்க டாக்டர்கள் தயங்கினார்கள். அக்கா அழவில்லை, புலம்பவில்லை. என்னைக் கூப்பிட்டு, இனிமேல் நீதான் படித்துக் காட்ட வேண்டும் என்றாள். அவள் சொல்லச் சொல்ல இதழுக்கான பத்தியை எழுதி அனுப்புவதும் என் பொறுப்பாயிற்று.

தினமும் காலையில் அவள் சாய்வு நாற்காலியில் இருப்பாள். நான் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்துகொண்டே படிப்பேன். முதலில் சலிப்பான இடங்களைத் தாண்டினேன். அது தப்பில்லை, யாரும் செய்வதுதான். பிறகு இரண்டு மொட்டை வாக்கியங்களுக்கு நடுவே நானாக ஒன்றைச் சேர்த்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் இரண்டு சேர்த்தேன்.

ஒரு தேனீ வளர்ப்புப் புத்தகம் வந்தபோதுதான் முழுதாக ஒரு பக்கம் சொன்னேன். பெட்டி செய்யும் அளவு, புகை போடும் விதம் என்று வறட்டுப் புத்தகம். கூட்டைத் திறக்கும் அத்தியாயத்தில் தேனீக்காரரின் மனைவியைக் கொண்டுவந்தேன். அவளுக்குத் தேனீ என்றால் பயம். தினமும் ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்க்கிறாள். வெளியே ஒருவன் முகத்தில் வலை போட்டுக்கொண்டு குனிந்து நிற்கிறான். அது தன் புருஷன்தானா என்று அவளுக்கு ஒவ்வொரு நாளும் ஒரு சந்தேகம் வருகிறது. வலையைக் கழற்றும் வரை மூச்சு விடாமல் நிற்கிறாள். அவ்வளவுதான்.

அக்கா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறகு, "அந்த ஜன்னல் எடத்த இன்னொரு தடவ படிடா" என்றாள்.

என்னுடைய வார்த்தைகளை நானே ஞாபகப்படுத்திச் சொல்ல வேண்டியிருந்தது. அந்த வாரப் பத்தியில், 'இந்த ஆண்டு படித்தவற்றில் அந்த ஜன்னலில் நிற்பவளைப் போல் என் மனசில் யாரும் நிற்கவில்லை' என்று எழுதச் சொன்னாள். நானே என் கையால் எழுதினேன். அன்றைக்கு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தெருவில் இறங்கி எங்கெங்கோ நடந்தேன். எதிரில் வந்தவர்களையெல்லாம் நிறுத்திச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

அந்தப் பெண் எந்தப் பக்கத்தில் இருக்கிறாள் என்று கேட்டு வாசகர்கள் எழுதினார்கள். தேனீப் புத்தகத்தை எழுதியவரே எழுதினார். தனக்குக் கல்யாணமே ஆகவில்லை என்றும், இந்தப் பத்தி வந்ததிலிருந்து வீட்டில் விசாரணை நடப்பதாகவும். இதையெல்லாம் நான் அக்காவுக்குப் படித்துக் காட்டவில்லை. அவள் சார்பில் மரியாதையாகப் பதில் போட்டேன். அதன்பின் இன்னொரு ராணுவ அதிகாரி, நட்சத்திர ஜோதிடர், கப்பல் சமையல்காரர் எல்லாருடைய புத்தகத்திலும் என் பக்கம் ஒன்று இருந்தது. அக்கா பாராட்டும் பக்கம் பெரும்பாலும் அதுதான். யாரை எதற்குப் பாராட்டினாலும் உதட்டைப் பிதுக்கும் பெண் அவள். அவள் காலையில் நாற்காலியில் வந்து உட்கார்ந்து, இன்றைக்கு என்ன வருமோ என்று காத்திருந்தாள். ஒரு மனுஷனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

தண்ணீர் இருந்தால் கொடுங்கள். இல்லை, உட்கார வேண்டாம்.

போன மழைக்காலத்தில் புதிதாக ஒரு பெண் டாக்டர் அவள் கண்ணைப் பார்த்தார். தயங்க ஒன்றுமில்லை, புரையை எடுத்துவிடலாம், முக்கால்வாசிப் பார்வை திரும்பிவிடும் என்றார். அக்காவின் மகள், அதாவது என் மருமகள், வெளியூரில் வேலையில் இருப்பவள், போனில் கேட்டுவிட்டு அழுதாள். அக்கா மட்டும் என் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

"கண்ணு வந்ததும் மொதல்ல அந்தத் தேனீ புஸ்தகத்த எடுத்து நானே படிக்கணும்."

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நியாயமாக யோசித்துப் பாருங்கள். அவள் அந்தப் புத்தகத்தைப் பிரிப்பாள். ஜன்னலைத் தேடுவாள். இருக்காது. அடுத்ததைப் பிரிப்பாள், அதிலும் இருக்காது. ஊரெல்லாம் நம்பிய 'ஒரு வாசகி', புத்தகத்திலேயே இல்லாத பக்கங்களைப் பாராட்டியிருக்கிறாள் என்று அவளுக்கே தெரியவரும். அந்த வயசில் அந்த அவமானத்தை எப்படித் தாங்குவாள்? நான் யோசித்தது அவளைப் பற்றித்தான். என்னைப் பற்றி நினைக்க எனக்கு என்ன இருக்கிறது?

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் கட்டைப் பிரித்தபோது என் முகத்தைப் பார்த்து, "நரைச்சுப் போயிட்டியேடா" என்றாள். கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். எழுத்து தெரியக் கண்ணாடி போட வேண்டும், அதற்குச் சில வாரம் ஆகும், அதுவரை கிருமி தொற்றாமல் சொட்டு மருந்து விட வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். மருந்தை நான்தான் வாங்கினேன்.

அதை நான் திறக்கவில்லை. பழைய சொட்டு மருந்து பாட்டில் ஒன்று குளியலறை மாடத்தில் கிடந்தது. அதைக் கழுவிக் குழாய்த் தண்ணீர் பிடித்தேன். விஷம் இல்லை ஐயா, தண்ணீர். நாமெல்லாம் முகம் கழுவுகிற அதே தண்ணீர். கண் ஆறுவது கொஞ்சம் தள்ளிப்போகட்டும் என்றுதான் நினைத்தேன். அதற்குள் அந்தப் புத்தகங்களை ஏதாவது செய்துவிடலாம். வேளை தவறாமல் விட்டேன். தலையைத் தூக்கிப் பிடித்து, இமையை விலக்கி, மெதுவாக. அவள் ஒரு நாள்கூட முகம் சுளிக்கவில்லை. என்ன மருந்து என்று கேட்டாள். அட்டைப்பெட்டியில் இருந்த பெயரைப் படித்துச் சொன்னேன்.

சில நாளில் கண் சிவந்தது. வலிக்கிறது என்றாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளை எடுத்துப் படிக்கச் சொன்னாள். வலியோ சிவப்போ வந்தால் அந்த நிமிஷமே வர வேண்டும் என்று அதில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. நான் படித்தது வேறு. சிவப்பும் வலியும் சிலருக்கு இருக்கும், உள்ளே ஆறுகிறது என்பதற்கு அதுவே அடையாளம், கண்ணைக் கசக்காமல் ஓய்வெடுத்தால் போதும் என்று படித்தேன். நல்ல வாக்கியங்கள். ஆஸ்பத்திரிக்காரர்கள் எழுதுவது போலவே வந்தன. அவள் கேட்டுவிட்டுச் சமாதானமாகப் படுத்துக்கொண்டாள்.

மருமகள் போனில் அம்மாவின் குரலைக் கேட்டு என்னவோ சரியில்லை என்று வண்டி ஏறி வந்துவிட்டாள். வந்த வேகத்தில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனாள். டாக்டர் பார்த்துவிட்டு வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே சீழ் பிடித்துவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றார். வலி வந்ததும் வரச் சொல்லித் தாளில் எழுதிக் கொடுத்திருந்தேனே என்று கேட்டார். மருமகள் என்னைப் பார்த்தாள். திறக்காத மருந்தை என் அலமாரியில் அவள் கண்டுபிடித்தது அதற்குப் பிறகு. அதுதான் உங்கள் மேஜை மேல் இருப்பது.

அக்காவைப் பார்க்க என்னை ஒரு முறை உள்ளே விட்டார்கள். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே நடக்க இடமில்லை. அவள் பக்கத்தில் போய் நின்றேன். அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

"நீ நடந்துகிட்டே படிச்சா அது புஸ்தகம். நின்னுட்டேன்னா அது நீ. கண்ணு தெரியாதவளுக்குக் காலடி கேக்காதா? தேனீக்காரன் பொண்டாட்டிய ஜன்னல்ல நிறுத்துனது நீதான்னு அன்னிக்கே தெரியும்."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா நிறுத்திடுவே. எனக்குப் பிடிச்சிருந்துச்சுடா. கண்ணு வந்ததும் அந்தப் புஸ்தகத்த உன் முன்னாடி வெச்சு, எங்க காட்டு பாக்கலாம்னு வம்புக்கு இழுக்கணும்னு நெனச்சேன். அப்புறம் உன்னைத் தனியா எழுதச் சொல்லணும்னும் நெனச்சேன்."

போர்வையை இழுத்து மார்பு வரை மூடிக்கொண்டாள். பிறகு சொன்னாள்.

"ஆஸ்பத்திரித் தாள மட்டும் நீ நடந்துகிட்டே படிச்சே. அதனாலதான் நம்புனேன்."

உண்மைதான். அன்றைக்கு என்னால் ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. மனசு நிலைகொள்ளாமல் இருந்தது. இவ்வளவு காலமும் சொந்தமாகச் சொல்லும்போது நின்றிருக்கிறேன் என்பதே எனக்குத் தெரியாது. ஐயா, இதில் அவள் பங்கும் கொஞ்சம் இருக்கிறதா இல்லையா? அன்றைக்கே, இது நீ சொல்வதுதானே, நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தத் தண்ணீருக்கு வேலையே இருந்திருக்காது. என்னைப் பாராட்டினாள் என்பது எனக்கே தெரியாமல் என்னைப் பாராட்டி என்ன பிரயோஜனம்?

எழுதிக்கொள்ளுங்கள். மருந்தை மறைத்தது நான். தண்ணீரை விட்டது நான். தாளை மாற்றிப் படித்தது நான். அந்தக் கண் கெட்டுக்கொண்டிருக்கிறது என்று சிவந்த முதல் நாளே எனக்குத் தெரியும். அதன் பிறகும் விட்டேன். யாரும் என்னைத் தூண்டவில்லை. எங்கே கையெழுத்து வேண்டுமோ போடுகிறேன்.

ஒரே ஒரு உதவி. சொன்னதையெல்லாம் நீங்கள் நன்றாக எழுதிவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். இதை அக்காவுக்கு யாராவது படித்துக் காட்ட வேண்டும். ஒரு வார்த்தையும் மாறக் கூடாது. படித்து முடித்ததும் அவள் என்ன சொல்கிறாள் என்று எனக்கு வந்து சொல்லுங்கள். சுமார் என்றாலும் பரவாயில்லை, பொறுத்துக்கொள்வேன்.

யார் எழுதியது என்று மட்டும் முதலில் சொல்லிவிடாதீர்கள்.