பன்னிரண்டாவது பொத்தான்

லியோந்தின்: வாங்க, ஓவியர் ஐயா. இன்னிக்கும் வர்ணம் சரியா விழுந்திருக்கான்னு பாக்க வந்தீங்களாக்கும்?

அன்செல்ம்: கிண்டல் பண்ணாத லியோந்தின். தலை போற விஷயம். பிரஷ்ஷைக் கீழ வை.

லியோந்தின்: முடியாது, பச்சை காஞ்சிடும். நீங்க ஒரே ஒரு கவுனை வரைஞ்சுட்டுப் போயிட்டீங்க. பத்திரிகை வாங்கற ஒவ்வொரு சீமாட்டியோட பிரதிக்கும், அச்சான படத்து மேல ஓட்டை வெட்டின தகட்டை வெச்சு நான்தானே கையால வர்ணம் பூசணும்? போன மாசம் முந்நூறு. தீந்துபோச்சுன்னு இப்ப மறுபடி.

அன்செல்ம்: அந்தப் பச்சை கவுன்தான் வில்லங்கமே!

லியோந்தின்: ஏன், சாயம் போயிடுச்சா?

அன்செல்ம்: மதாம் வாஸ்லென்னு ஒரு அம்மா. கப்பல் முதலாளி பொண்டாட்டி. நேத்து ஆபீசுக்கே வந்துட்டாங்க. பாரீஸ்ல எந்தத் தையல் கடையில தச்சதுன்னு கேக்கறாங்க.

லியோந்தின்: சொல்ல வேண்டியதுதானே?

அன்செல்ம்: யாரும் தைக்கலையே! நானா... மனசுல தோணினதை வரைஞ்சேன்.

லியோந்தின்: அடப்பாவமே! எடிட்டருக்குத் தெரியுமா?

அன்செல்ம்: கடையில பாத்து வரைஞ்சேன்னு அளந்துவிட்டிருக்கேன். சனிக்கிழமை அந்தம்மாகிட்ட கவுனைக் காட்டணும். இல்லேன்னா இனிமே இந்தப் பக்கமே வராதேன்னுட்டார்.

லியோந்தின்: நல்லா மாட்டினீங்க.

அன்செல்ம்: நீ முன்னாடி தையல் வேலையில இருந்தவதானே? அம்மா தாயே, மூணே நாள்ல...

லியோந்தின்: இருங்க, இருங்க. நீங்க வரைஞ்ச இந்தக் கவுனுக்குள்ள ஒரு பொம்பளை எப்படி நுழையறது?

அன்செல்ம்: ஏன்... தலை வழியா.

லியோந்தின்: இந்தக் கழுத்துலயா? பூனைக்குட்டி தலைகூட நுழையாது. பின்பக்கம் எப்படி இருக்கும்?

அன்செல்ம்: படத்துக்கு ஏது பின்பக்கம்?

லியோந்தின்: சரிதான். உக்காரணும்னா?

அன்செல்ம்: அவ நின்னுக்கிட்டுதானே இருக்கா...

லியோந்தின்: ஆயுசு பூரா நிக்கட்டும், பாவம்!

அன்செல்ம்: சிரிக்காத. இன்னொரு கூத்து கேளு. "பின்னால பதினோரு பொத்தான், அது மட்டும் மாறவே கூடாது"ங்கறாங்க. நான் ஒரு பொத்தான்கூட வரையலையே!

லியோந்தின்: ...பதினொண்ணா?

அன்செல்ம்: எண்ணினாங்களாம். போன ஞாயித்துக்கிழமை மார்ன் ஆத்தங்கரை நடன மேடையில ஒரு பொண்ணு, இடுப்பை இறுக்கற கச்சைகூட கட்டாம, அதைப் போட்டுக்கிட்டு ஜம்முனு ஆடினாளாம். அப்புறம் நம்ம பத்திரிகையில அதே கவுனைப் பாத்ததும் ஓடி வந்துட்டாங்க... ஏன் பிரஷ்ஷைக் கீழ வெச்சுட்ட? பச்சை காஞ்சிடும்னியே?

லியோந்தின்: காயட்டும்.

அன்செல்ம்: முகம் ஏன் இப்படிச் செவக்குது?

லியோந்தின்: பன்னெண்டு.

அன்செல்ம்: என்ன பன்னெண்டு?

லியோந்தின்: பொத்தான். ஆடறப்ப ஒண்ணு தெறிச்சு ஆத்துல விழுந்துடுச்சு.

அன்செல்ம்: அது நீயா!

லியோந்தின்: பின்ன? முந்நூறு தடவை வர்ணம் பூசினா எந்த மடிப்பு எங்க விழும்னு கைக்கு மனப்பாடம் ஆயிடாதா? ஆசை தாங்கல. பழைய பச்சை ஜன்னல் திரை ஒண்ணு கெடச்சுது, வெட்டிட்டேன். கழுத்துல தலை நுழையாதேன்னுதான் பின்னால பொத்தான் வெச்சேன்.

அன்செல்ம்: என் உசிரைக் காப்பாத்திட்ட! சனிக்கிழமை...

லியோந்தின்: நானே போட்டுக்கிட்டு வர்றேன். ஆனா அடுத்த தடவை படத்துக்குக் கீழ, தச்சவ பேருன்னு என் பேரும் வரணும்.

அன்செல்ம்: கடையும் இல்ல கிடையும் இல்ல, தச்சது நீதான்னு எடிட்டர்கிட்ட நானே ஒத்துக்கறேன். போதுமா?

லியோந்தின்: போதாது. இன்னொண்ணும் ஒத்துக்கணும். உங்க படத்தோட அளவைப் பெருசாக்கித்தான் வெட்டினேன். தோளு, இடுப்பு, ஒரு இடத்துலகூட பிரிச்சுத் தைக்கல, அப்படியே உக்காந்துச்சு. படத்துல இடது தோள் லேசா ஏறியிருக்கே... எனக்கும் அப்படித்தான் இருக்கும். எப்படி?

அன்செல்ம்: அது வந்து...

லியோந்தின்: தினம் இங்க வர்ணம் பாக்கத்தானே வந்தீங்க?

அன்செல்ம்: வர்ணமா? ஒரு வருஷமா வர்றேன் லியோந்தின்... ஒரு நாளாவது வர்ணத்தைப் பாத்தேனா?