மூணு எட்டாகும் வகுப்பு

— சிரிக்காத. நான் கோவமா இருக்கேன்.

— சிரிக்கல டீச்சர். என் மூஞ்சியே இப்படித்தான்.

— லீடரம்மா, எல்லாரையும் விளையாட அனுப்பிட்டு உன்னை மட்டும் எதுக்கு நிறுத்தி வச்சிருக்கேன் தெரியுமா? தினமும் காலையில போர்டுல அஞ்சு கணக்கு, விடையோட எழுதிப் போடறேன். அதுல ஒண்ணே ஒண்ணு தப்பு. வேணும்னே போட்டது. கண்டுபிடிக்கறவங்க கத்தணும். பத்து நிமிஷத்துல மூளை சூடாகிடும், பாடத்துக்குப் போயிடலாம். இதானே நம்ம வார்ம்-அப்பு?

— ஆமா டீச்சர்.

— ஆரம்பத்துல எப்படிக் கத்துவீங்க! பக்கத்து கிளாஸ் டீச்சர் வந்து கதவை டமால்னு சாத்திட்டுப் போவாங்க. இப்ப என்னடான்னா அஞ்சாங்கிளாஸ் மொத்தமும் வாயைத் தைச்சு வச்ச மாதிரி உட்கார்ந்திருக்கு. குசுகுசுன்னு ஒரு பேச்சு. பெஞ்சுக்கு பெஞ்சு துண்டுச் சீட்டு. பத்து நிமிஷ வேலை அரை மணி நேரம் இழுக்குது.

— அது வந்து டீச்சர்... யோசிக்கறோம்.

— என்னத்த யோசிக்கறீங்க? இன்னைக்குப் போட்டது அரதப் பழசான தப்பு. நாலு புள்ளி அஞ்சோட பூஜ்ஜியம் புள்ளி ரெண்டு அஞ்சைக் கூட்டணும். புள்ளிக்கு நேரா புள்ளி வைக்காம, ரெண்டையும் வலது ஓரத்துக்குத் தள்ளிக் கூட்டி, பூஜ்ஜியம் புள்ளி ஏழுன்னு எழுதி வச்சேன். நீங்க பாதிப் பேர் வழக்கமா பண்ற கூத்துதான் அது. இதைக் கண்டுபிடிக்க உங்களுக்கு ஒரு மாநாடு வேணுமா?

— அது நீங்க எழுதும்போதே தெரிஞ்சிடுச்சு டீச்சர்.

— தெரிஞ்சா கத்த வேண்டியதுதானே! ஏன் என் பிராணனை வாங்கறீங்க?

— அது வந்து டீச்சர்... அதானா, இல்ல மத்ததான்னு...

— மத்ததா? எந்த மத்தது?

— ஒண்ணும் இல்ல டீச்சர்.

— ஒண்ணும் இல்லியாம்! சரி, பம்பரம்னு கூப்பிடுவீங்களே, அந்தப் பயலுக்கு என்ன கேடு? நான் இந்தப் பக்கம் திரும்பினா போதும், போர்டு கிட்ட ஓடி வந்து நிக்கறான். கேட்டா தூசி தட்டறானாம். வீட்ல அவன் சாப்பிட்ட தட்டை அவன் கழுவுவானா?

— மாட்டான் டீச்சர். அவங்க அக்கா எங்க அம்மாகிட்ட சொல்லிப் புலம்புவாங்க.

— இன்னைக்கு ஒரு நாள்தான் அந்தத் தொல்லை இல்லாம இருந்தேன்.

— அவனுக்குக் காய்ச்சல் டீச்சர். அதான் இன்னைக்கு...

— அதான் இன்னைக்கு என்ன? முழுங்காம சொல்லு!

— டீச்சர், உள்ள வரலாமா?

— வாங்க ஹெச்.எம். சார். இவளைத்தான் ரெண்டு வாங்கு வாங்கிட்டிருந்தேன்.

— தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். காலையில வராந்தாவுல போகும்போது ஜன்னல்கிட்ட கொஞ்ச நேரம் நின்னேன். நாலாவது கணக்கு, இருபத்தெட்டை நாலால பெருக்கினா தொண்ணூத்தி ரெண்டுன்னு எழுதியிருந்தீங்க.

— இருக்காதே சார்.

— இருக்கே. இப்பவும் அழிக்காமத்தான் இருக்கு, பாருங்க. நூத்திப் பன்னண்டு வரணுமா இல்லையா?

— அட... ஆமா.

— சரி, உங்க வழக்கமான விளையாட்டுன்னு நினைச்சேன். ஆனா பசங்க புள்ளிக் கணக்கைத்தான் சொன்னாங்க. இதை ஒருத்தரும் சொல்லல. நீங்களும் உங்க பாட்டுக்குப் பாடத்துக்குப் போயிட்டீங்க.

— சார், அது...

— சார், இன்னைக்கு ரெண்டு தப்பு சார்!

— நீ யாரு பாப்பா?

— கிளாஸ் லீடர் சார். ரெண்டாவது தப்பை இடைவேளைக்குள்ள கண்டுபிடிக்கணும்னு டீச்சர் சொல்லியிருந்தாங்க. நான் கண்டுபிடிச்சிட்டேன். அதைத்தான் இப்ப சொல்லிட்டிருந்தேன். இல்லையா டீச்சர்?

— ...ம்.

— அப்படியா? தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். பெத்தவங்க என் ரூமுக்கு வந்து கேக்கறாங்க, அஞ்சாங்கிளாஸ் டீச்சருக்குக் கணக்கு வருமா வராதா, போர்டுல தப்புத் தப்பா இருக்காமேன்னு. நான் என்னன்னு பதில் சொல்றது? போன வருஷம் நாலாங்கிளாஸ்ல பட்டதே போதும். வருஷ நடுவுல ஒரு வாத்தியாரைத் தேடி நாய் படாத பாடு பட்டேன். நாளைக்கு நானே வந்து கடைசி பெஞ்சுல உட்கார்றேன். நல்லா நடந்தா நடக்கட்டும். இல்லைன்னா அஞ்சாங்கிளாஸைப் புதுசா வந்திருக்கற பொண்ணுகிட்ட கொடுத்துடறேன். நீங்க ஒண்ணாங்கிளாஸ் பாருங்க. வரட்டுமா?

— சரி சார்.

— இருங்க டீச்சர், எட்டிப் பார்க்கறேன்.

— போயிட்டாரா?

— மாடிப்படி ஏறிட்டாரு டீச்சர்.

— நான் ரெண்டு தப்பு போடல.

— தெரியும் டீச்சர்.

— இடைவேளைக்குள்ளன்னு ஒண்ணும் சொல்லவும் இல்ல. கண்ணைச் சிமிட்டாம இவ்வளவு பெரிய புளுகு! எங்கடி கத்துக்கிட்ட?

— அவசரத்துல வந்துடுச்சு டீச்சர்.

— இந்தா, இதான் நான் வீட்ல உட்கார்ந்து எழுதிட்டு வந்த பேப்பர். இதைப் பார்த்துதான் போர்டுல போட்டேன். நாலாவது கணக்கு... இருபத்தெட்டுன்னுதான் இருக்கு. என் கையெழுத்துதான். நானா இப்படி எழுதினேன்? எனக்கு என்ன, மண்டை குழம்பிடுச்சா?

— பேப்பரைக் கொஞ்சம் தள்ளிப் பிடிங்க டீச்சர்.

— எதுக்கு?

— கையை நீட்டுங்க. இன்னும் கொஞ்சம். ஆங். இப்பப் படிங்க.

— இருபத்தி... மூணு.

— மத்ததெல்லாம் சரியாத்தான் எழுதுவீங்க டீச்சர். மூணு மட்டும் எட்டாயிடும். போன வாரம் அறுநூத்தி முப்பதை ஒம்பதால வகுக்கற கணக்கு இருந்துச்சு இல்ல? அது அறுநூத்தி எண்பதாயிடுச்சு. கீழ விடை மட்டும் எழுபதுன்னு சரியா இருந்துச்சு. அதை வச்சுத்தான் கண்டுபிடிச்சோம்.

— எப்பலேர்ந்து?

— லீவு முடிஞ்சு வந்ததுலேர்ந்து.

— அப்ப அந்தக் குசுகுசு?

— எது நீங்க வேணும்னே போட்டதுன்னு முதல்ல பேசி முடிவு பண்ணிடுவோம். அதை மட்டும் கத்துவோம். அது ஈசிதான் டீச்சர். நீங்க வேணும்னே போடற தப்பு, நாங்க போடற தப்பு மாதிரியே இருக்கும். மத்தது நாங்க யாருமே போடாத தப்பா இருக்கும். சில நாள் மட்டும் குழப்பமாயிடும். அதான் துண்டுச் சீட்டு.

— பம்பரம்?

— எட்டுல இடது பக்கத்தை விரலால அழிச்சுட்டா மூணாயிடும் டீச்சர். அதுக்குத்தான் ஓடி வருவான். இன்னைக்கு அவன் வரல. நான் போகலாம்னு பார்த்தா, நீங்க போர்டை விட்டு நகரவே இல்ல.

— அடப்பாவிங்களா! அதுக்காக அவனை வெளிய நிக்க வச்சேனேடி.

— பரவாயில்லைன்னு சொல்லிட்டான் டீச்சர். வெளிய காத்து நல்லா வருதாம்.

— காத்து வருதாம்! கண்ணாடி போட வேண்டிய கண்ணு இது. பத்து நாளா வீட்டுக்காரர் தலைபாடா அடிச்சுக்கறாரு, நான்தான் வீம்புக்குப் போகாம இருந்தேன். இதுக்குப் போய் ஒரு கிளாஸே சேர்ந்து சதி பண்ணுமா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன குறைஞ்சா போயிடுவீங்க?

— அது வந்து டீச்சர்...

— பேசாத. சாயங்காலமே டாக்டர்கிட்ட போறேன். ஆனா கண்ணாடி நாளைக்கே கைக்கு வராது.

— பம்பரத்தை எப்படியாவது வரச் சொல்லிடறேன் டீச்சர். மாத்திரை போட்டுட்டு வந்துடுவான்.

— ஒரு புண்ணியமும் வேண்டாம், காய்ச்சல்காரன் படுத்திருக்கட்டும்! இப்பவே மாடிக்குப் போய் ஹெச்.எம். சார்கிட்ட உள்ளதைச் சொல்லிடறேன். நாளைக்கு அவர் வந்து உட்காரட்டும். வேணும்னே போட்டதா, கண்ணு போட்டதான்னு பார்க்காதீங்க. எத்தனை தப்பு இருந்தாலும் அத்தனையையும் கத்துங்க. பழையபடி பக்கத்து கிளாஸ் கதவு சாத்தணும். அப்பத்தான் நீங்க கணக்கு கத்துக்கிட்டீங்கன்னு அவருக்குத் தெரியும், எனக்கும் இந்தக் கிளாஸ் தங்கும். புரிஞ்சுதா?

— கத்த மாட்டோம் டீச்சர்.

— என்னது?

— நான் கத்த மாட்டேன். வேற யாரும் கத்த மாட்டாங்க.

— ஐயோ, என்னைப் பைத்தியமாக்காம விட மாட்டீங்க போலிருக்கே! தப்பைப் பார்த்தா தப்புன்னு கத்தறதுல உங்களுக்கு என்னடி கஷ்டம்?

— போன வருஷம் நாலாங்கிளாஸ் சாருக்கும் இப்படித்தான் போர்டுல தப்பா வந்துச்சு டீச்சர். நாங்க எல்லாரும் சேர்ந்து கத்தினோம். விழுந்து விழுந்து சிரிச்சோம். அவர் சாக்பீஸைக் கீழ வச்சிட்டு வெளிய போனாரு. அதுக்கப்புறம் வரவே இல்ல.