ஊரா, காலனியா

“ஜெர்மனி போயும் காலனியிலதான் இருக்கியா?”

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பேருந்தில், முன்சீட்டு அம்மா போனில் மகனிடம் இப்படிக் கேட்டதும் நான் காதைக் கொடுத்தேன். ஸ்பீக்கரைப் போட்டிருந்தார்.

“அது அந்தக் காலனி இல்லம்மா. இந்த ஏரியா முன்ன தனி கிராமம். சர்ச்சு, அத சுத்தி வீடு, கோதுமக் காடு. அப்புறம் ரயிலு வந்து, பேக்டரி வந்துச்சி. வேல செய்றவங்களுக்கு இந்தாண்ட வரிசையா வீடு கட்னாங்க. கடைசில டவுனு வளந்து எல்லாத்தயும் சேத்துக்கிச்சி.”

“நீ அந்த வரிசை வீட்லதான இருக்கற?”

“ஆமாம்மா.”

“அப்ப காலனிதான். ஊரு எந்தப் பக்கம்?”

“வாய்க்காலுக்கு அந்தாண்ட.”

“பாத்தியா, அங்கயும் நடுவுல வாய்க்கா,” என்றார் பக்கத்தில் இருந்த பெண்ணிடம்.

“வாய்க்கா இல்லாம வெள்ளாம எப்படிக்கா?” என்று அந்தப் பெண் சிரித்தாள்.

அம்மா சிரிக்கவில்லை. “ஊருக்குள்ள போவியாடா? எதனா சொல்றாங்களா?”

“தெனம் போறேன். கடையே அங்கதான். யாரும் ஒண்ணும் சொல்றதில்ல.”

“நல்ல ஜனங்கதான்.” குரல் தணிந்தது. “வேற என்னா பேசுவாங்க உன்னாண்ட?”

“அதாம்மா சொன்னேன். யாரும் ஒண்ணும் சொல்றதில்ல.”

பேருந்து விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டியது.

“இருக்கியாடா?”

“இருக்கேம்மா. வெச்சிடாத. வெளிய என்னா தெரியுதுன்னு சொல்லிக்கினு வா.”

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே வேர்க்கடலைக் கொல்லை. “மல்லாட்ட புடுங்கறாங்கடா. பேசிக்கினேதான் புடுங்கறாங்க.”