மிதக்க மட்டும் சொல்லிக் குடு

இல்லம்மா, நான் எந்தப் பிள்ளையையும் கூட்டிட்டு வரலை. நான்தான் நீச்சல் கத்துக்க வந்திருக்கேன். வாசல்ல ரசீது போடற தம்பியும் இதையேதான் கேட்டான். பேத்தி எங்கேன்னு என் முதுகுக்குப் பின்னாடி எட்டி எட்டிப் பாத்தான். நானேதாண்டான்னதும், அஞ்சுல வளையாததுன்னு ஆரம்பிச்சவன் என் மூஞ்சியைப் பாத்துட்டுப் பாதியில முழுங்கிட்டான். சிரிக்கறியா, சிரி சிரி. இந்த உடுப்பை மாட்டறதுக்குள்ளயே எனக்குப் பாதி உசுரு போயிடுச்சு. தலையணை உறைக்குள்ள அரிசி மூட்டையைத் திணிச்ச மாதிரி இருக்கு. ஐயோ இரு, கையை விட்டுடாதே. இந்தப் படியிலேயே கொஞ்சம் உக்காந்துக்கறேன்.

சின்ன வயசுல ஏன் கத்துக்கலையா? நீச்சல் பழகத் தண்ணி வேணுமேம்மா. நான் பொறந்த ஊர்ல ஒரு வாளித் தண்ணியில நாலு பேர் குளிப்போம். கட்டிக்கிட்டு வந்த இந்த ஊரும் போகப் போக அப்படித்தான் ஆச்சு. வீட்டுக்காரர் தண்ணி கேன் போடறவர். தோளுக்கு ஒண்ணா ரெண்டு கேனைத் தூக்கிட்டு மூணு மாடி ஏறுவார். ஆத்தோரத்துல வளந்த மனுசன், தண்ணியைக் கண்டா மீன் குஞ்சுதான். மகளுக்கும் மூணாவது படிக்கறப்பவே பழக்கி விட்டுட்டார். என்னையும் வா வான்னு கூப்பிடுவார். குழாயில சொட்டுத் தண்ணி வரலை, எனக்கு நீச்சல் ஒண்ணுதான் குறைச்சலான்னு திட்டி அனுப்பிடுவேன்.

முன்னல்லாம் மழைக்கு ஒரு கணக்கு இருந்துச்சு. நசநசன்னு நாள் கணக்குல பெய்யும், மண்ணு மெதுவாக் குடிக்கும். இப்போ வருஷம் பூரா வெயில்தான். மண்ணு இறுகி ஓடாயிடுது. அப்புறம் ஒரு நாள் மொத்தத்தையும் கவுத்துட்டுப் போகுது. மக விளக்கம் சொல்வா. பூமி சூடேற ஏற, நிலத்துலேருந்தும் கடல்லேருந்தும் ஈரம் அதிகமா மேல போகுதாம். சூடான காத்து அதையெல்லாம் வாங்கி வச்சுக்கிட்டே இருந்து, விடறப்போ ஒரேயடியா விடுதாம். காயப் போடறதும் அந்தச் சூடுதான், முக்கி எடுக்கறதும் அந்தச் சூடுதானாம். இல்லேன்னா கேன் வாங்கிக் குடிச்ச தெரு ஒரே மத்தியானத்துல முழுகிப் போகுமா, சொல்லு.

ஆமா, அந்த வெள்ளந்தான். எங்களுது கீழ்வீடு. அவர் சாப்பிட வந்திருந்தார். முதல்ல குளியலறை ஓட்டை வழியா ஏறுச்சு. நான் துணிமணியைக் கட்டில் மேல எடுத்து வைக்கறதுக்குள்ள வாசல்ல ஆறு ஓடுது. எதிர்வீட்டு மாடிப்படி இந்தக் குளத்துல பாதி தூரம்கூட இல்லை. அவர் பதறவே இல்லை. மல்லாந்து படு, உடம்பைத் தளர்த்திக்கோ, தாடையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிடறேன்னார். எனக்குப் படுக்கத் தெரியலையேம்மா. முதுகுக்குக் கீழ ஒண்ணுமில்லைன்னதும் அவர் கழுத்தைக் கட்டிக்கிட்டேன், ரெண்டு பேரும் முங்கினோம். நாலஞ்சு தடவை இழுத்துப் பாத்தார். அப்புறம் என்னைத் தோள்ல ஏத்தி, ஜன்னலுக்கு மேல இருக்கற கம்பியைப் பிடிச்சுக்கச் சொன்னார். நீங்களாவது போயிடுங்கன்னு கெஞ்சினேன். தண்ணி வாய்க்கு வந்தும் மனுசன் நகரலை. படகு வந்து என்னைத் தூக்கறப்போ காலுக்குக் கீழ தோள் இல்லை. எப்போ விலகுச்சுன்னே எனக்குத் தெரியாதும்மா.

இரு, மூக்கைத் துடைச்சுக்கறேன்.

மக சொல்லிக் குடுக்க மாட்டாளான்னா கேக்கறே? நான் இங்க வந்ததே அவளுக்குத் தெரியாது. வானம் லேசா இருட்டினாப் போதும், போட்டது போட்டபடி ஓடி வந்து என் பக்கத்துல உக்காந்துக்கறா. நீ போடி, எனக்கொண்ணும் ஆகாதுன்னா கேக்க மாட்டேங்கறா. எதுக்கும்மா பயப்படறே, நான் இருக்கேன்லங்கறா. அவளைப் பெத்தவரும் அன்னைக்கு இதையேதான் சொன்னார்.

நீந்தல்லாம் வேணாம்மா எனக்கு. மல்லாந்து மிதக்க மட்டும் சொல்லிக் குடு. ம், இறங்கிட்டேன். இப்போ கையை விடு.