இரத்தினத்தின் குழை

கிட்ட வந்து இருங்கள், பிள்ளைகளே. மழை விடும் மட்டும் ஒரு கதை சொல்கிறேன். காலைப் போர்த்திக்கொள்ளுங்கள், காதை மட்டும் திறந்து வையுங்கள்.

மார்கழி வாடையில் ஆற்றோரக் காட்டுக்குள் தனியாக நடப்பது எனக்கு எப்போதும் பிடிக்கும். ஈரமண் காலுக்கு மெத்தென்று இருக்கும். மனம் அடங்கும்.

எங்கள் ஊர் பனிச்சங்கேணிக்குப் பக்கம். ஆற்றங்கரை நெடுக மருதமரக் காடு. உள்ளே போகிறவர் முதல் மருதின் கவட்டில், பிள்ளையாருக்கென்று இலையோடு ஒரு சிறு கொப்பு, குழை என்போம், முறித்துச் செருகிவிட்டுப் போவார். திரும்பும்போது தன் குழையை எடுத்து ஆற்றில் விடுவார். பொழுதுபட்டும் குழை இருந்தால் ஆள் உள்ளே என்று அர்த்தம், ஊரே தேடிப் போகும். குழை இல்லாவிட்டால் யாரும் போவதில்லை. சண்டைக்காலம், ஆள் இல்லாத காட்டுக்குள் சும்மா போய்ச் சூடு வாங்க யாருக்கு விருப்பம்?

என் தங்கை இரத்தினம்மா புருஷனை வாவியில் பறிகொடுத்தவள். இரண்டு வயது மகள் தயாபரியை என் மடியில் விட்டுவிட்டுச் சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போனாள். எனக்குப் பிள்ளை இல்லை. காய்ச்சலுக்குப் பக்கத்தில் இருந்தது நான். ஷெல் விழுந்தபோது பிள்ளையை வயிற்றுக்குக் கீழே கிடத்திக் குப்புறப் படுத்தது நான். அவள் என்னை அம்மா என்றாள். நான் பழக்கவில்லை. திருத்தவும் இல்லை.

ஆறு வருடம் கழித்துத் தங்கை வந்தாள். நல்லவள். எனக்கென்று ஒரு கம்பளிப் போர்வை கொண்டுவந்தாள். தைப்பொங்கல் முடியப் பிள்ளையைக் கொழும்புக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னாள். அங்கே ஷெல் விழாது, பள்ளிக்கூடம் ஒழுங்காக நடக்கும். அவள் சொன்னதில் பிழை ஒன்றுமில்லை.

"உன்னயே அம்மா எண்டு கூப்பிடட்டும் அக்கா. என்னோட கொஞ்ச நாளில பழகிருவாள்," என்று சிரித்தாள்.

பழகிவிடுவாள் என்று எனக்கும் தெரியும்.

ஒருநாள் காலை மழை விட்டது. காளான் முளைத்திருக்கும், மகளுக்குக் கறி வைத்துக் கொடுக்கவேணும் என்று தங்கை தனியாகக் காட்டுக்குக் கிளம்பினாள். "ஆறு வருசம் அவங்கட குப்பூசு ரொட்டி திண்ட நாக்கு கா இது, எனக்கும் வேணும்," என்றாள்.

மத்தியானமாகியும் வரவில்லை. போர்வையைப் போர்த்திக்கொண்டு நான் தேடி நடந்தேன். மருதின் கவட்டில் அவள் செருகிய நாவல் குழை ஒன்றுதான் இருந்தது. என்னுடையதை நான் செருகவில்லை. ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை.

ஆற்று வளைவில், பன்றி விழுத்த எப்போதோ யாரோ வெட்டிய ஆழக் கிடங்குக்குள் கிடந்தாள். கால் முறிந்திருந்தது. இடுப்பளவு தண்ணீர். ஆறு கரை தட்டிக்கொண்டு ஓடியது.

"வெளிநாட்டுப் பண்டியொண்டு விழுந்து கிடக்கு, பாரு கா," என்றாள். பல் கிடுகிடுத்தது. "நீ வருவாய் எண்டு எனக்குத் தெரியும்."

"ஆள் கூட்டி வாறன், இரி."

"கெதியா வா அக்கா. புள்ள பள்ளியால வந்து பசியோட இரிப்பாள்."

போர்வையை அவிழ்த்து அவளிடம் போட்டேன். வாடை தாங்கமாட்டாள். அந்த அளவுக்கு எனக்கு இரக்கம் இருந்தது, அதையும் நீங்கள் கணக்கில் எடுக்க வேணும்.

ஆள் கூப்பிடத்தான் நடந்தேன். மருதடிக்கு வந்ததும் கை நாவல் குழையை எடுத்தது. ஆற்றில் விட்டேன். வீட்டுக்குப் போய்ப் பிள்ளைக்குச் சோறு போட்டேன். நன்றாகச் சாப்பிட்டாள்.

பொழுதுபட, தங்கை இன்னும் வரவில்லை என்று அறிந்து அயல்வீட்டுச் சாமித்தம்பி அண்ணன் நாலு பேரோடு மருதடி வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"குழையக் காணல்ல புள்ள. அவள் வெளியால வந்திட்டாள். றோட்டில வச்சுத்தான் ஆமிக்காரன் புடிச்சிரிக்கான்."

நான் உள்ளே போய்ப் பிள்ளைக்குப் பாய் விரித்தேன். திரும்ப மழை பிடித்தது. ஆறு காட்டுக்குள் ஏறியது. வடிந்தபோது அந்த வளைவில் கிடங்கும் இல்லை, சேறுதான்.

மறுநாள் தயாபரியின் கையைப் பிடித்துக்கொண்டு ஆமி முகாம் வாசலில், பிள்ளைகளைத் தேடி வந்த மற்றத் தாய்மாரோடு நின்று அழுதேன். அந்த அழுகை பொய் இல்லை.

இரத்தினத்தைக் கொன்றது நான்தான். தள்ளவில்லை, அடிக்கவில்லை. ஒரு குழையை எடுத்தேன், அவ்வளவுதான்.

தயாபரிக்கு இப்போது நரை விழுகிறது. காணாமல் போனவர்களின் சொந்தங்கள் பதில் கேட்டு இருக்கும் பந்தலுக்கு, தங்கையின் படத்தை எடுத்துக்கொண்டு போகிறாள். சோற்றுப்பொதி கட்டிக் கொடுப்பது நான். "அம்மா, அவ எங்கயாவது உயிரோட இரிப்பாதானே?" என்று கேட்பாள். "இரிப்பாள் மகள்," என்பேன். ஒரு தாய் தன் பிள்ளைக்கு வேறு என்ன சொல்வாள்?

மழை விட்டுவிட்டது, போய்வாருங்கள். உங்கள் வீடுகளில் பிள்ளைகள் பெருகட்டும். பெற்றவளும் வளர்த்தவளும் ஒருத்தியாகவே இருக்கட்டும்.